வீட்டுத் தோட்டம்: எருக்கலையும் காஞ்சோண்டியும்



ஒடென்சேயில் கொலொனிஹாவ வைத்திருக்கும் ஒரு சகோதரி சென்ற வாரம் கேட்டார்: "அமெரிக்காவிலிருந்து மில்க்வீட் விதை வந்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சி வருமாம். போடலாமா?"

போட வேண்டாம். மில்க்வீட் எங்கள் எருக்கலையின் இனம். கிள்ளினால் பால் வரும். வட அமெரிக்காவில் மொனாக் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அதன் இலையை மட்டுமே தின்னும். ஆகவே அங்கே அதை நடச் சொல்வது சரி. ஆனால் மொனாக் டென்மார்க்கில் வாழ்வதில்லை. அத்துடன் மில்க்வீட்டில் பொதுவான வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதை விற்பதும் வளர்ப்பதும் தடை.

ஊரில் எருக்கலையை யாரும் நடவில்லை. ஒழுங்கையோரம் தானாக முளைத்தது. பிள்ளையாருக்குப் பூ ஆய்ந்தோம். இலையில் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட புழுக்களையும் கண்டோம். அவைதான் பின்பு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்தன. எந்த நாட்டுப் பூச்சிக்கும் அந்த நாட்டுச் செடிதான் தாய்வீடு.

இங்கே அந்தச் செடி எது? நாங்கள் பிடுங்கி எறிகின்ற பிரெண்டநெல்டதான். எங்கள் காஞ்சோண்டி போலச் சுணைப்பது. 'நெல்டன்ஸ் தக்விங்க' என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும், சிறகில் மயிற்கண் உள்ளதும், அட்மிரால் என்பதும் இதில்தான் முட்டையிடும். ஆனி, ஆடியில் கறுப்பு முட்புழுக்கள் கூட்டமாக இருக்கும். மயிர்க்கொட்டி என்று நினைத்து, முருங்கைக்குப் பந்தம் பிடித்ததுபோல் அழித்துவிடாதீர்கள்.

தமிழரின் துண்டு துப்புரவாக இருக்கிறது என்று பெயரெடுக்க எங்களுக்கு ஆசை. பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு குறை சொல்லிவிடக்கூடாது என்று ஒரு புல்லையும் விடாமல் பிடுங்குகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் புழுவுக்கு இலை இல்லாத தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி பிறக்காது.

செய்யவேண்டியது இவ்வளவுதான்:

வெயில் படும் ஒரு மூலையில் இரண்டு சதுர மீற்றர் அளவில் நெல்டவை விடுங்கள். நிழலில் இருப்பதைப் பூச்சிகள் அவ்வளவாக நாடா.

வேர் மஞ்சள் கயிறுபோல் ஓடும். வருடந்தோறும் ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிவிடுங்கள். விதை விழுமுன் தலையை நறுக்குங்கள்.

சங்ட் ஹன்ஸ் (ஜூன் 23) கழிந்ததும், புழு இல்லையென்று பார்த்து, பாதியை வெட்டுங்கள். இளந்தளிர் வரும், அடுத்த முட்டைகளுக்கு உதவும்.

வளர்ந்த பூச்சிக்கும் தேனீக்கும் பூ வேண்டும். பீட்சாவுக்குப் போடும் ஒறிகானோ இந்நாட்டிலும் காடாக வளர்வது. கொஞ்சத்தைப் பூக்க விடுங்கள். தேனீ வந்தால் உங்கள் பூசணியும் நன்றாய்க் காய்க்கும்.

வசந்தத்தில் கொழுந்தைக் கையுறை போட்டு ஆய்ந்து அவித்தால் சுணை போய்விடும். தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கலாம். டெனிஷ்காரர் சூப் வைப்பார்கள்.

ஒடென்சேயில் 1805இல் பிறந்த அன்டர்சன் 1838இல் எழுதிய காட்டு அன்னங்கள் கதையில், எலிசா நெல்ட நாரால் பதினொரு சட்டை பின்னித்தான் அன்னங்களாக மாறிய தன் சகோதரர்களை மீட்கிறாள். இன்றிரவு பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனியில் தோட்டத்துக்குக் கூட்டிச்சென்று இலையின் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.