கைமாறும் மென்பொருட்களும் கைவிடப்படும் பாவனையாளர்களும்

அலுவலகப் பணிகளுக்கென உருவாகிப் பலரின் அபிமானத்தைப் பெற்ற மென்பொருள் ஒன்றைப் பெரும் நிறுவனமொன்று கொள்வனவு செய்யும்போது, சேவை முன்னரைப் போலவே தொடரும் என்ற உறுதிமொழி வழங்கப்படுவது வழமை. அந்த உறுதிமொழி எவ்வளவு காலத்திற்கு நிலைக்கும் என்பதே பாவனையாளர்கள் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

ஸ்லாக் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2014 ஆம் ஆண்டு பொதுப் பாவனைக்கு வந்த இது, மின்னஞ்சலில் சிதறிக் கிடந்த அலுவலக உரையாடல்களைத் தலைப்பு வாரியாக ஒழுங்குபடுத்தியது. கட்டணமின்றிப் பயன்படுத்தும் குழுக்கள் தமது இறுதி 10,000 செய்திகளைப் பார்வையிட முடிந்தது. சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் சுமார் 27.7 பில்லியன் டொலர் பெறுமதியான உடன்படிக்கையின் மூலம் 2021 ஜூலையில் இதனைத் தன்வசமாக்கியது. 2022 செப்டெம்பரில் அந்த வரையறை 90 நாட்களாக மாற்றப்பட்டது. மாதாந்தக் கட்டணமும் உயர்த்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் முதல், கட்டணம் செலுத்தாதோரின் ஓராண்டுக்கு மேற்பட்ட செய்திகளும் கோப்புகளும் அழிக்கப்படலாயின. ஒரு சிறிய தொண்டு அமைப்பு 10,000 செய்திகளை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் செல்லக்கூடும். அத்தகைய அமைப்பிற்கு இது வெறும் விதிமாற்றமன்று. தனது பணியின் பதிவேட்டையே இழப்பதாகும்.

பேர்லின் நகரில் உருவான வுண்டர்லிஸ்ட்டின் கதை இதைவிடத் துயரமானது. செய்ய வேண்டிய பணிகளைப் பட்டியலிட உதவிய இதனை 2015 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. ஈராண்டுகளின் பின்னர் தனது சொந்தப் பெயரில் மாற்று மென்பொருளொன்றை வெளியிட்டது. மூடப்படவிருந்த தமது படைப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள நிறுவுநர் கிறிஸ்டியன் றீபர் 2019 இல் பகிரங்கமாகக் கோரினார். பலன் கிட்டவில்லை. 2020 மே 6 ஆம் திகதி வுண்டர்லிஸ்ட் நிறுத்தப்பட்டது.

எல்லாக் கொள்வனவுகளும் தீமையிலேயே முடிகின்றன எனக் கூறிவிட முடியாது. அதே மைக்ரோசொப்ட் 2018 இல் வாங்கிய கிட்ஹப் சேவையில், முன்னர் கட்டணம் அறவிடப்பட்ட வசதிகள் சில பின்னர் இலவசமாக்கப்பட்டன. ஆனால் அங்கும் மென்பொருள் வல்லுநர்களைத் தன்பால் ஈர்ப்பது வாங்கிய நிறுவனத்தின் நலனாகவே இருந்தது. மென்பொருளின் தரமோ பாவனையாளர்களின் விருப்பமோ அல்ல, வாங்கியவரின் கணக்கேட்டில் அது பெறும் இடமே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது என்பதே எமது கருத்தாகும்.

எனவே, கைமாறிய பின்னர் வருந்துவதைவிட முன்னரே தலையிடுவது பயனுள்ளது. ஃபிக்மா வடிவமைப்பு மென்பொருளை 20 பில்லியன் டொலருக்கு வாங்க அடோபி நிறுவனம் 2022 இல் முயன்றபோது, ஐரோப்பிய ஒன்றியத்தினதும் பிரித்தானியாவினதும் போட்டிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஆட்சேபம் எழுப்பின. 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஃபிக்மா தனித்து இயங்கி 2025 இல் பங்குச் சந்தையிலும் பிரவேசித்தது.

எனினும், எல்லாக் கொள்வனவுகளும் இவ்வாறு தடுக்கப்படப் போவதில்லை. தமது தரவுகளை முழுமையாகவும் வேறு மென்பொருட்களில் திறக்கக்கூடிய வடிவிலும் பெற்றுக்கொள்ளும் உரிமை பாவனையாளர்களுக்குச் சட்டத்தினால் உறுதிப்படுத்தப்பட வேண்டும். அதுவரை, தமது ஆவணங்களின் பிரதியொன்றைத் தம்மிடமே வைத்திருப்பது ஒவ்வொரு அலுவலகத்தினதும் கடமையாகும். இன்று இலவசமாகக் கிடைக்கும் களஞ்சியத்தின் திறவுகோல் நாளை எவர் கையில் இருக்கும் என்பதை எவராலும் உறுதிகூற முடியாது.