தகப்பன் ஒருவர் என்றால்

கி.மு. 1ஆம் ஆண்டு ஜூன் மாதம், எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு வேலைக்குப் போயிருந்த ஹிலாரியோன், ஊரிலிருந்த மனைவி ஆலிஸுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் அதுவும் ஒன்று. பாசமான கடிதம். கவலைப்படாதே, சின்னவனை நன்றாகப் பார்த்துக்கொள், கூலி கைக்கு வந்ததும் அனுப்பிவைக்கிறேன் என்கிறான். அவள் கருவுற்றிருக்கிறாள். ஆண் பிறந்தால் இருக்கட்டும், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு என்கிறான். உன்னை எப்படி மறப்பேன் என்றும் அதே கையால் எழுதியிருக்கிறான்.

இவனைக் கொடியவன் என்று ஒதுக்கிவிட்டால் வரலாறு புரியாது. மனைவிமேலும் இருக்கிற பிள்ளைமேலும் உயிரை வைத்திருந்தவன். ஆனால் அந்தப் பாசத்துக்கு எல்லை எது என்று முடிவுசெய்யும் உரிமையும் அவனிடமே இருந்தது. அன்றைய ரோமச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகளின் உயிர்மேலேயே தகப்பனுக்கு அதிகாரம் கொடுத்தது. பிறந்த குழந்தையை வளர்ப்பதா, தெருவோரம் விடுவதா என்பது அவர் விருப்பம். பேரரசனுக்கும் ‘நாட்டின் தந்தை’ என்பது பட்டமாக இருந்தது.

அந்த உலகத்தில்தான் கலிலேயாவிலிருந்து வந்த ஒருவர் கடவுளைத் தகப்பன் என்று அழைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த அழைப்பு யூத மரபுக்குப் புதிதல்ல. பிள்ளைக்குக் கைபிடித்து நடை பழக்கும் தகப்பனாக ஓசியா தீர்க்கதரிசி கடவுளைக் கண்டார். பிள்ளைகளுக்கு இரங்கும் தகப்பனாகச் சங்கீதம் அவரைப் பாடியது. இயேசு அதை வாங்கித் தம் பேச்சின் நடுவில் வைத்தார். நல்லவன் வயலுக்கும் கெட்டவன் வயலுக்கும் ஒரே மழையைப் பெய்விக்கிற தகப்பன் என்றார். கெட்ட குமாரன் கதையைச் சொன்னார். சொத்தை அழித்துவிட்டுப் பட்டினியாகத் திரும்பும் இளையவனைத் தூரத்தில் கண்டதும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் கதையில் மூத்தவன் ஒருவன் உண்டு. அவன் தகப்பனை விட்டு ஒருநாளும் போகவில்லை. இப்போது வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வெளியே நிற்கிறான். வந்திருப்பவனைத் தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கிறிஸ்தவத்தின் இரண்டாயிரம் ஆண்டுகளை இந்த மூத்தவன் நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கடவுள் அன்பான தகப்பன் என்று நம்புவது திருச்சபைக்கு அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. அவருடைய மற்றப் பிள்ளைகளை ஏற்பதில்தான் அது திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்திருக்கிறது.

தொடக்கத்தில் அது விழவில்லை. பிறந்த குழந்தையைக் கொல்லக்கூடாது என்பது மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுங்கு நூல்களில் ஒன்றான ‘டிடாக்கே’யிலேயே உண்டு. தெருவில் விடப்பட்ட குழந்தைகளைத் துறவுப் பெண்கள் எடுத்துவந்து ஞானஸ்நானத்துக்குக் கொடுத்ததை அகஸ்டின் தம் கடிதம் ஒன்றில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். வழக்கமாக நடந்ததால்தான் அதை அத்தனை சாதாரணமாகச் சொல்லியிருக்க வேண்டும். கி.பி. 374இல் சிசுக்கொலை ரோமச் சட்டத்திலும் குற்றமானது. ஆலிஸ் வெளியே போடக்கூடிய பெண்குழந்தை இன்னொருவருக்குத் தங்கை என்று ஒரு சமூகம் நம்பியதன் விளைவுகள் இவை.

பிறகு நூற்றாண்டுகள் போகப்போகத் தகப்பன் நீதிபதியானார். இடைக்கால ஐரோப்பாவின் பேராலய வாசல்களில் இறுதித் தீர்ப்பைக் கல்லில் செதுக்கினார்கள். வானவில்மேல் தீர்ப்பளிக்க உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துவின் படத்தைப் பார்த்தாலே தான் நடுங்கியதாக மார்ட்டின் லூத்தர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

லூத்தரிடம் சற்று நிற்க வேண்டும். தகப்பன் என்ற நினைப்பின் வெளிச்சமும் இருளும் ஒரே மனிதரிடம் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது. தந்தை ஹான்ஸ் செம்புச் சுரங்கத் தொழிலில் வியர்வை சிந்தி முன்னேறியவர். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது அவர் கனவு. 1505இல் ஒரு புயல் மழையில் மின்னலுக்குப் பயந்து, பிழைத்தால் துறவியாவேன் என்று மகன் நேர்ந்துகொண்டபோது அந்தக் கனவு உடைந்தது. 1507இல் லூத்தர் முதல் திருப்பலி நிறைவேற்ற, ஹான்ஸ் 20 குதிரைகளோடு வந்திறங்கி மடத்துக்கு 20 குல்டன் காணிக்கை கொடுத்தார். பிறகு விருந்தில், தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையை நீ படித்ததில்லையா என்று கேட்டுவிட்டார். சிறுவயதில் ஒருமுறை அவர் அடித்த அடியில் மகன் வெறுத்து விலகி ஓடியதும் உண்டு. அவனைத் திரும்பத் தன்னிடம் பழக்கிக்கொள்ள அந்தத் தகப்பன் பாடுபட்டதையும் லூத்தரே சொல்லியிருக்கிறார்.

கடவுள் என்பது வீட்டுத் தகப்பனின் பெரிதாக்கிய நிழல் என்று பின்னாளில் ஃபிராய்டு சொன்னதற்கு இது நல்ல சான்று போலத் தோன்றும். நடந்தது வேறு. கடவுளுக்கு அஞ்சி விரதத்தாலும் பாவசங்கீர்த்தனத்தாலும் உடம்பை வாட்டிய அந்தத் துறவி, 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, பிள்ளைகள் அன்பான தகப்பனிடம் கேட்பதுபோலப் பயமில்லாமல் கேளுங்கள் என்று விளக்கினார். மறு ஆண்டு மே மாதம் ஹான்ஸ் இறந்தார். கோபுர்க் கோட்டையில் செய்தி கிடைத்ததும் லூத்தர் சங்கீத நூலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். அந்த மனிதரின் வியர்வையால்தான் இரக்கங்களின் பிதா தன்னை வளர்த்தார் என்று நண்பர் மெலாங்க்தனுக்கு எழுதினார். இரண்டே வாரத்தில், 4 வயது மகனுக்கு அதே கோட்டையிலிருந்து இன்னொரு கடிதம் போனது. ஜெபிக்கும் பிள்ளைகள் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டு, பொன் கடிவாளம் போட்ட குட்டிக் குதிரைகளில் ஏறித் திரியும் தோட்டத்தைப் பற்றியது அது. 1542இல் 13 வயது மகள் மக்தலேனா அவர் கைகளில் உயிர்விட்டாள். இங்கே இந்த அப்பாவோடு இருக்கவும் உனக்குப் பிரியம், அங்கே அந்தப் பிதாவிடம் போகவும் சம்மதம், அப்படித்தானே என்று கேட்டார். கடவுள் சித்தம்போல் என்றாள்.

அடுத்த ஆண்டிலேயே இதே லூத்தர், யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள் என்று ஆட்சியாளர்களுக்கு ஒரு நூலே எழுதினார். கடவுளைத் தகப்பன் என்று தனக்குக் கற்றுக்கொடுத்த இனத்தைப் பார்த்து அப்படி எழுதினார். மகளின் மரணத்தில் நெஞ்சு உடைந்தவருக்கு யூதர்களிலும் தகப்பன்கள் இருப்பது கண்ணில் படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நாஜிகள் அந்த நூலைத் தூசுதட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். லூத்தரை நேசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போகக் கூடாது.

அந்தச் சிறிய ஞானோபதேசம் நம் கரைக்கும் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க், தொடக்க ஆண்டுகளிலேயே அதைத் தமிழாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஆனால் ஒரே பிதாவிடம் ஒன்றாக ஜெபித்தவர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். திருவிருந்துப் பாத்திரத்தை யார் முதலில் வாங்குவது என்பதிலும் சாதி இருந்தது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே, முழுதாக ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய மிஷனரிகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். 12 வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அழைத்துவந்து மகனைப்போல வளர்த்த பிள்ளை அவர். தமிழ்க் கிறிஸ்தவம் இன்றுவரை அவர் பாட்டைப் பாடி உருகுகிறது. சாதி என்பது நாட்டு வழக்கம், விசுவாசத்தோடு சம்பந்தமில்லை என்பதே அவர் வாதம். புதிய மிஷனரிகள் கெடுபிடியாக நடந்துகொண்டார்கள் என்ற அவர் குறையில் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்தில் உட்காரக்கூடாதவராக வைக்கப்பட்டிருந்த விசுவாசியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

தகப்பன் என்று கேட்டதும் குடித்துவிட்டு அடித்த அப்பாவை நினைத்துக் கூசுகிறவர்களுக்கும் இங்கே ஒரு சொல் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் நார்விச் ஜூலியன் என்ற ஆங்கிலத் துறவுப் பெண் கடவுளைத் தாயாகவும் கண்டார். 1978 செப்டம்பரில், 33 நாள் மட்டுமே பதவியில் இருந்த போப் முதலாம் ஜான் பால், கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடத் தாய் என்று வெளிப்படையாகப் பேசினார். வீட்டில் கிடைக்காததை யாரும் அங்கே தேடலாம். அந்த வாசலை நம் பிரசங்க மேடைகள் இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும்.

மீண்டும் சாதிக்கு வருவோம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை அது ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் திருவிழாத் தேர் எந்தத் தெருவரை போகும், எந்த வீட்டுச் சவம் பொதுவண்டியில் ஏறும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த ஓரம் என்பதையெல்லாம் டில்லியிலிருந்து வரும் கொள்கை மாற்றிவிடாது. அவை அந்தந்தப் பங்குப் பேரவையும் சபை மூப்பர்களும் கூடி உட்கார்ந்து மாற்ற வேண்டியவை. பேரவைக் கூட்டங்கள் பரமபிதா ஜெபத்தோடுதான் தொடங்குகின்றன. அடுத்த கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளும் முதல் பொருளாகக் கல்லறைத் தோட்டத்தை வைக்கலாம்.