ஒரு கையெழுத்துத்தான் கேட்டாள்



சென்ற கிழமை எனக்கு இரவு வேலை. நடுச்சாமத்து இடைவேளையில், பக்கத்து மெசினில் நிற்கிற அண்ணை சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கடுதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். "தம்பி, உனக்கு டொச் கொஞ்சம் ஓடுமல்லோ. இதிலை என்ன கிடக்கெண்டு பார். சைன் வைக்கச் சொல்லி மகள் மூண்டு நாளாய் நிக்கிறாள்."

வாசித்தேன். திரைக்கதை எழுதத் தொடங்கும் இளையவர்களுக்கான உதவித்தொகைப் போட்டி. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். விசயத்தைச் சொன்னதும் அண்ணையின் முகம் கறுத்துப்போச்சு. "படமோ? நான் இஞ்சை இரவிரவாய் முறியிறது அவள் படம் எடுக்கவோ?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்களுக்கு, பிள்ளை டொக்ரராகவோ எஞ்சினியராகவோ வந்தால்தான் நெஞ்சு ஆறும். நானும் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். படம் என்றால் நடிகரும் பாட்டும் சண்டையும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் அந்தக் கடுதாசி மனதை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை நகர நூல்நிலையத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கார்ல் மாயர் என்று ஒருவர். 1894இல் ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் பிறந்தவர். இளவயதிலேயே படிப்பு நின்றுபோய், ஊர் ஊராகப் பொருள் விற்றும் சின்ன நாடகங்களில் நடித்தும் பிழைத்தவர். அவர்தான் ஹான்ஸ் யானோவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து, 1920இல் வெளிவந்த 'டொக்ரர் கலிகாரி' படத்தின் கதையை எழுதினார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட யேர்மன் படம் அது. 1924இல் முர்னௌ எடுத்த 'கடைசி மனிதன்' படத்துக்கும் இவரே எழுத்தாளர். பெரிய ஹோட்டல் வாசலில் பளபளக்கும் சீருடையோடு நிற்கும் ஒரு கிழவர். வயது போய்விட்டது என்று சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவரைக் கழிவறையில் நிற்க விடுகிறார்கள். ஊமைப்படம். இடையில் எழுத்து அட்டைகளும் அநேகமாக இல்லை. டொச் தெரியாத எவருக்கும் விளங்கும். ஊரில் வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே கோப்பை கழுவுகிறவருக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

மாயர் ஒரு யூதர். நாசிகளின் காலத்தில் யேர்மனியில் வாழ வழியில்லாமல் லண்டனில் இருந்தார். 1944இல் அங்கேயே வறுமையில் இறந்தார். எங்களைப் போல அவரும் ஒரு அகதி.

போருக்குப் பிறகு அவர் பெயரில் ஒரு திரைக்கதைப் பரிசு வைத்தார்கள். 1964இல் அதை வாங்கியவர் வேர்னர் ஹெர்சோக். இன்று உலகம் அறிந்த இயக்குநர். பள்ளிக்கூடம் போகிற காலத்தில், முதற் படங்களுக்குக் காசு சேர்ப்பதற்காக இரும்புத் தொழிற்சாலையில் இரவு வேலையாக வெல்டிங் செய்தவர்! பரிசு பெற்ற அந்தக் கதை உடனே படமாகவில்லை. 1968இல்தான் 'உயிரின் அடையாளம்' என்ற பெயரில் வந்து, பேர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி வாங்கியது. நாலு வருசம் பொறுத்திருக்கிறார்.

எங்கள் ஆட்களிலும் உதாரணம் உண்டு. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் சோபாசக்தி, பிரான்சில் கோப்பை கழுவிப் பிழைத்த அகதி. நடிக்க வருவதற்கு முன்பே எழுத்தாளர்.

சரி, இப்படியான போட்டிகளில் என்ன கேட்பார்கள்? பெரும்பாலும் முழுக்கதையையும் முதலில் கேட்பதில்லை. 'எக்ஸ்போசே' என்று சில பக்கங்களில் கதைச் சுருக்கம், எழுதியவரைப் பற்றிய குறிப்பு, சில வேளை ஒன்றிரண்டு காட்சிகள். தெரிவானால், இருந்து எழுதுவதற்குக் காசும், எழுதியதை வாசித்துத் திருத்தம் சொல்ல அனுபவசாலி ஒருவரும் கிடைப்பதுண்டு. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கு. படம் எடுக்கிற செலவு பிள்ளைக்கு இல்லை. பள்ளிக்கூடத்தை விடவும் தேவையில்லை. பெற்றோர் பார்க்கவேண்டியது நாலு விசயம்: கடைசித் திகதி எப்போது, வயதெல்லை என்ன, கட்டணம் ஏதும் கேட்கிறார்களா, கதையின் உரிமை யாருக்கு. அனுப்ப முன் ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தைப் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

திங்கள் இரவு இதையெல்லாம் அண்ணைக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "அண்ணை, பிள்ளை என்ன கதை எழுதினவள் எண்டு கேட்டனீங்களோ?"

"இல்லை."

அடுத்த நாள் இடைவேளையில் அவராகவே வந்தார். "கேட்டனான் தம்பி. தகப்பன் இரவு வேலை முடிஞ்சு விடிய வாறாராம். பிள்ளை அந்த நேரம் பள்ளிக்கூடம் போகுதாம். ரெண்டு பேரும் படிக்கட்டிலை மட்டும்தான் சந்திக்கினமாம். அவ்வளவுதான் கதை." கொஞ்ச நேரம் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, "பேனை வைச்சிருக்கிறியோ?" என்றார்.

முடிவு வரச் சில மாதங்கள் எடுக்கும். பரிசு கிடைக்குமோ என்று சொல்ல நான் சாத்திரி இல்லை. உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு கடுதாசியோடு வந்தால், என்ன கதை என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.