கடவுளுக்காகப் பொய்யா?

பொய்யைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பிறரை நோக்கியே விரல் நீட்டுகிறோம். அரசியல் மேடை பொய் சொல்கிறது என்கிறோம். விளம்பரம் ஏமாற்றுகிறது என்கிறோம். ஆயின் நம் இல்லங்களிலும் அன்பியங்களிலும் உலவும் ஒரு பொய்யைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது பக்தியின் ஆடை உடுத்திய பொய்.

மூன்று நாள் உலகை இருள் சூழும், மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும் என்றொரு செய்தி. இச்செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிடில் குடும்பத்தில் துன்பம் நேரும் என்றொரு மிரட்டல். திருத்தந்தை ஒருபோதும் கூறாத சொற்கள், அவரது படத்தோடு. பிற சமயத்தார் மீது ஆதாரமற்ற பழி. அன்று அஞ்சலட்டையில் வந்தவை இன்று கைப்பேசியில் வருகின்றன. கேட்டால், "நல்லதற்குத்தானே சாமி! நாலு பேர் செபமாலை சொன்னால் என்ன குறை?" என்கிறார்கள். சிலர் வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறார்கள். அவரோ குற்றமற்ற நன்மை விளையும் இடத்திற்கே அவ்விலக்கை அளித்தார். அச்சத்தை விதைத்து அறுவடை செய்யும் செபம் குற்றமற்ற நன்மை ஆகுமா?

ஏதேனில் பாம்பு வெளிப்படையான பொய்யோடு தொடங்கவில்லை. ஒரு மரத்தை விலக்கிய கடவுள் எல்லா மரங்களையும் விலக்கினாரோ என்றுதான் கேட்டது (தொநூ 3:1). பொய்ச் செய்தியின் முதல் வடிவம் இதுவே எனத் திருத்தந்தை பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் சுட்டிக்காட்டினார். மற்றொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். கடவுளின் பக்கம் நின்று பேசிய ஏவாளும், அவர் கூறாத ஒன்றைச் சேர்த்தே கூறினாள்: கனியைத் தொடவும் கூடாதாம்! எதிரி திரித்தான், பக்தை மிகைப்படுத்தினாள். இரண்டிற்கும் இடையே உண்மை நசுங்கிற்று.

கடவுளுக்காகப் பொய் பேசுவீர்களோ என்று யோபு தம் நண்பர்களைக் கேட்டார் (யோபு 13:7). நூலின் முடிவில் ஆண்டவரின் சினம் அந்த நண்பர்கள் மீதே மூண்டது. புனித அகுஸ்தினாரின் காலத்தில், பிரிசில்லியன் கொள்கையினரைக் கண்டுபிடிக்க நாமும் அவர்களைப்போல் நடித்தால் என்ன என்றொரு யோசனை எழுந்தது. ஏறத்தாழ 420ஆம் ஆண்டு அவர் எழுதிய மறுப்பு நூல் அதற்கு அறவே இடமளிக்கவில்லை. பொய்யால் பிடிக்கப்பட்டவன், நாம் பின்னர் உண்மை பேசினாலும் எவ்வாறு நம்புவான்?

இதற்கு வரலாறு தரும் சான்று கசப்பானது. பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைத் திருத்தந்தை சில்வெஸ்தருக்கு அளித்ததாகக் கூறும் சாசனம் 8ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டது. அது திருச்சபையின் மேன்மைக்கெனப் பல நூற்றாண்டுகள் எடுத்தாளப்பட்டது. பின்னர்க் கர்தினாலான குசா நிக்கோலாஸ் 1433இல் அதை ஐயுற்றார். லொரென்சோ வல்லா 1440இல் அதன் இலத்தீன் சொற்களையே ஆராய்ந்து, அவை கான்ஸ்டன்டைன் காலத்தவை அல்ல என மெய்ப்பித்தார். ஆயினும் 1517இல் திருச்சபையின் எதிர்ப்பாளர்கள் வல்லாவின் நூலை அச்சிட்டு ஆயுதமாக்கினர். திருச்சபையைத் தாங்க நட்ட பொய்த்தூண் அதன் மீதே சாய்ந்தது! நம் பிள்ளைகளுக்கும் இதுவே நேரும். நாம் அனுப்பிய புதுமை போலி என்று அறியும் நாளில், அவர்கள் அதை மட்டுமா எறிவார்கள்? நற்செய்தியையும் சேர்த்தன்றோ ஐயுறுவார்கள்!

ஆகவே, எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். யார் சொன்னார்? எங்கே, எப்போது சொன்னார்? இது அச்சுறுத்துகிறதா, மனமாற்றத்திற்கு அழைக்கிறதா? மரியாவிடம் வந்த வானதூதர் அச்சத்தை முதலில் அகற்றினார். அதன் பின்னரே செய்தியை அறிவித்தார். திருச்சபை ஏற்றுக்கொண்ட தனி வெளிப்பாடுகளும் விசுவாசக் கருவூலத்தில் அடங்கா என மறைக்கல்வி நூல் (67) கற்பிக்கிறதெனில், பெயரற்றவர் எழுதிய மிரட்டலுக்கு என்ன மதிப்பு?

விடை தெரியாத செய்தியை நம் கையோடு நிறுத்திவிடுவோம். எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் தரப்பட்டதன்று. தம்மையே உண்மை என்று அறிவித்த ஆண்டவருக்கு நம் பொய்ச்சாட்சி எதற்கு?