புல்வெளி இருந்தால்தான் பட்டாம்பூச்சி

கொடைக்கானலில் வீட்டு வாசலில் ரணகள்ளித் தொட்டி இருந்தால், அதன் தடித்த இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில இலைகளில் உள்சதை முழுவதும் தின்னப்பட்டு, மேல்தோலும் கீழ்த்தோலும் மட்டும் எண்ணெய்த்தாள் போல நிற்கும். நடுவே கறுத்த எச்சம். அதன் முனையில் ஒரு சிறு புழு. இலைக்குள்ளேயே வளர்ந்து, வெளியே வந்து கூட்டுப்புழுவாகி, பிறகு கருஞ்சிறகில் செம்மஞ்சள் திட்டோடு பறந்துபோகும். சிறகை விரித்தால் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். 'ரெட் பைரோ' என்பது அதன் பெயர்.

இதை ஒருமுறை கண்ணாரக் கண்ட பிள்ளை, அடுத்து எந்தப் புழுவையும் காலால் நசுக்காது. அதனால்தான் வீட்டில் பட்டாம்பூச்சி வளர்க்கும் பொழுதுபோக்கை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். தன் வீட்டுச் செடிக்குத் தானாக வந்த ஒன்றிரண்டு புழுக்களை வளர்க்கலாம். சிறகு உலர்ந்ததும் அதே தோட்டத்தில் விட்டுவிட வேண்டும். சோலைக்குள் வலையோடு போவதும், கீழிருந்து கூட்டுப்புழுக்களை வாங்கிவந்து விழாக்களில் பறக்கவிடுவதும் கூடவே கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலியையும் யானையையும் மட்டும் காக்கவில்லை; விரல்நுனி அளவேயான பல பட்டாம்பூச்சிகளும் அதன் அட்டவணைகளில் உள்ளன. பழனி மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். அங்கிருந்து அனுமதியின்றி எந்த உயிரையும் எடுத்துவர முடியாது. 2008இல் டார்ஜிலிங்கை அடுத்த சிங்கலிலா தேசியப் பூங்கா அருகே பூச்சிகளைச் சேகரித்த செக் நாட்டினர் இருவர் கைதானதை மறந்துவிடக் கூடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் இந்த எல்லை தேவைதான். அமெரிக்காவில் மொனார்க் பட்டாம்பூச்சிகளை வளர்த்து விடுவது பெரிய மோகம். 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, வணிகப் பண்ணையில் பிறந்தவை இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் திசையறிவை இழந்திருந்ததைக் காட்டியது. காட்டு மொனார்க்குகளின் வாரிசுகளை வீட்டுக்குள் வளர்த்தபோதும் அதே கதிதான். நம் நீல வரியனும் ஆண்டுதோறும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே வலசை போகும் இனம். அன்பின் பெயரால் அதன் வழியை நாம் கெடுத்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, பறக்கவிட்டது எங்கே போய் முட்டையிடும் என்பதுதான். பழனி மலையின் பெயரையே தாங்கிய சிறு பட்டாம்பூச்சிகள் உண்டு: 'பழனி ஃபோர்ரிங்', 'பழனி புஷ்பிரவுன்'. இவற்றின் புழுக்களுக்குப் புல்தான் சோறு. அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் உறுதி செய்தது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தின்னப் புல் இல்லாத மலையில், கூண்டில் எத்தனை வளர்த்து விட்டு என்ன பயன்?

தமிழ் மறவனை 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த அரசு, செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இனங்கள் எவை, வீட்டில் எதை வளர்க்கலாம் என்று படங்களோடு தமிழில் ஒரு கையேட்டை வனத்துறை வெளியிட்டு, மலைப் பள்ளிகள் அனைத்துக்கும் தர வேண்டும். திருவரங்கத்தில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், புழுக்கள் தின்னும் செடிகளையும் தேன் தரும் செடிகளையும் நட்டு, பூச்சிகளைத் தேடி வரச்செய்தார்கள். கொடைக்கானல் நாற்றங்கால்கள் பூச்செடிகளோடு இம்மலைக்கே உரிய செடிகளையும் விற்கட்டும். அயல் தாவரங்களை அகற்ற 2022இல் அறிவித்த கொள்கைப்படி மரங்களை வெட்டிய இடங்களில் மறுபடி வாட்டில் முளைக்கவிடாமல், மலைப்புல்லை மீட்டெடுக்க வேண்டும்.

குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதைக் காணப் பெருங்கூட்டம் மலையேறும். அதற்குள் சில சரிவுகளிலாவது புல் மீண்டும் படர்ந்திருக்க வேண்டும். ரணகள்ளி இலையைத் தூக்கிப் பார்த்த பிள்ளைகள் அந்தச் சரிவில் குனிந்து, புல் நுனியில் ஒரு புழுவைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.