டீ குடித்த பிள்ளை சாப்பிட்ட பிள்ளை அல்ல

"பிள்ளைக்கு ஒரு டீயும் ரெண்டு பொறையும் குடுத்துட்டேன். இனிமே மத்தியானம் வரைக்கும் பசிக்காது."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வேலூரைச் சுற்றியுள்ள தோல் ஊர்களில், கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் தெருவில் நின்றால் காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் அக்கறையில்லாத தாய் அல்ல. விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, மதியச் சோற்றை டிபனில் அடைத்து, மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு ஷூ கம்பெனிக்கு ஓடுகிறவர். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. டீ குடித்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பசி தெரியாதுதான்.

என் சண்டை அந்தத் தாயோடு அல்ல, "பசிக்காது" என்ற அந்தச் சொல்லோடு. பசியை அடக்குவது வேறு, பசியைத் தீர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணும் நம்பிக்கைதான் நம் வீடுகளில் காலைச் சாப்பாட்டின் இடத்தில் டீ கிளாஸை வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அது அதிகம் கெடுக்கிறது.

நம் பேச்சுமொழிக்கே இந்த உண்மை தெரியும். வீட்டுக்கு வந்தவரை "டீ தண்ணி குடிச்சீங்களா?" என்றுதான் கேட்கிறோம். தண்ணி என்றுதான் அதற்குப் பெயர். சோறு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பிள்ளையின் காலை வயிற்றுக்கு மட்டும் அதையே சோறாக்கிவிட்டோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்ற தலைமுறைக்கு டீ ஒரு கைத்துணை. கை முழுக்கச் சுண்ணாம்பும் கொழுப்பும், மூக்கு முழுக்கப் பச்சைத்தோல் வாடையுமாக நிற்கிறவருக்குச் சோறு இறங்காது. சூடான டீ இறங்கும். அடுத்த வேளை வரை உடம்பை இழுத்துக்கொண்டு போகும். அது உழைப்பாளியின் சமாளிப்பு. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் வேறு வழியில்லாமல் தாத்தா பசியைச் சமாளித்த முறையைப் பேரப்பிள்ளைக்கு உணவு முறையாக்குவது நியாயமா?

டீ நம் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. இந்தியாவில் விளைந்த தேயிலை வெகுகாலம் பெரும்பாலும் கப்பல் ஏறிப் போனது. இங்குள்ளவர்களையும் குடிக்க வைக்க வேண்டும் என்று தேயிலை முதலாளிகள் முடிவுசெய்த பிறகுதான் அது நம் தெருவுக்கு வந்தது. தேயிலையின் மேல் 1903 முதல் வசூலித்த தனி வரிப் பணம் விளம்பரத்துக்குப் போனது. 1937இல் இந்திய தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்றே ஓர் அமைப்பு வந்தது. ஊர் ஊராக டீ போட்டுக் காட்டினார்கள். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை வைக்க ஊக்கம் கொடுத்தார்கள். தொழிலாளிக்கு டீ உற்சாகம் தரும் என்ற பேச்சு அந்த விளம்பரத்தின் பிள்ளை. இன்று நாம் மரபு என்று கொண்டாடுவது நூறு வருட விற்பனைத் திறமை.

"டீயில் பால் இருக்கிறதே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். சின்ன கிளாஸில் நூறு மில்லி டீ. அதில் பாதி பால் என்றே வைத்துக்கொண்டாலும் ஐம்பது மில்லி. பிள்ளை பாதி குடித்து மீதியை வைத்தால் அதிலும் பாதி. கூடவே இரண்டு கரண்டிச் சர்க்கரை, பொறை என்ற பெயரில் கொஞ்சம் மைதா. வளரும் உடம்பு கேட்கும் புரதம் அதில் எங்கே, இரும்புச்சத்து எங்கே? பன்னிரண்டு, பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு எவ்வளவு பெரியது? ஒரு கிளாஸ் டீயும் பொறையுமே அதன் பசியை அடக்கிவிடும். பிறகு இட்லியைக் காட்டினால் தலையைத் திருப்பும். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று டாக்டரிடம் அழைத்துப் போகும் பெற்றோர், அதற்கு முன் காலை முதல் வாயில் என்ன ஊற்றினோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அதை வேறு எந்த ஊர்க்காரரைவிடவும் நம் ஊர்க்காரருக்கு எளிதாக விளக்கலாம்.

குரோம் உப்பு வந்து ஆளுவதற்கு முன் இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். பட்டையை ஊற வைத்த தண்ணீரில் தோலைப் போட்டால் அது அழுகாமல் பதப்படும். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். அந்தத் துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அந்தப் பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து பிறந்ததுதான். பட்டைத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது என்பது பட்டைத் தொட்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த பாடம். பட்டால் தோலில் கறுப்புக் கறை விழும், பிறகு போகாது. டானின் இரும்பைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதற்கு அந்தக் கறையைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

டீயின் துவர்ப்பும் அதே வகைப் பொருளால் வருவதுதான். டீ குடித்தால் குடல் தோலாகிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. எடுக்க முடிந்த கொஞ்சத்திலும் ஒரு பங்கை டீ பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது என்றுதான் சொல்கிறேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று பெரியவர்களுக்கே சொல்கிறது. பால்குடி மாறாத இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டீயும் காபியும் தரவேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003லேயே எழுதிவைத்தது.

"நாங்களெல்லாம் டீ குடிச்சுத்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்பது அடுத்த கேள்வி. ஆனது இதுதான்: 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையான பெண்களில் 100க்கு 53 பேருக்கு. இதற்கெல்லாம் டீ ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. குடற்புழு உண்டு, அடுத்தடுத்த பிரசவம் உண்டு, தட்டில் கீரையும் முட்டையும் இல்லாத வறுமை உண்டு. ஆனால் ரத்தம் ஏற்கெனவே குறைந்த வீட்டில், தட்டில் விழும் கொஞ்சம் இரும்பையும் தட்டிப்பறிக்கும் பானத்தைக் காலை உணவாக வைப்பது எந்த ஊர் நியாயம்? வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை மக்கு என்று திட்டுகிறோம். அதன் ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மூளை வேகமாக வளரும் இந்த முதல் சில வருடங்களில் இரும்பு குறைந்தால், பிறகு மாத்திரை கொடுத்து அந்த இழப்பு முழுவதையும் மீட்பது கடினம்.

நேரம் இல்லை என்ற பதில் உண்மையானது. பஸ் நிற்காது, தாமதமானால் கம்பெனி கேட் மூடும், சம்பளம் போகும். வீட்டிலேயே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி; அடுப்படியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதில் குறையும். அதனால்தான் காலையில் அடுப்பே கேட்காத உணவை நம் வட ஆற்காட்டு மண் முன்பே கண்டுபிடித்து வைத்தது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு காய்ச்சி, இரவே சட்டியில் மூடிவைத்தால் காலையில் மோர் ஊற்றிக் கரைப்பதுதான் வேலை. டீ போடும் நேரம்கூட ஆகாது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஐம்பது கிராம் மாவில் காய்ச்சிய கூழ், நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். கேழ்வரகிலும் துவர்ப்பு உண்டே என்று கேட்பவருக்கு: உண்டு. முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அது குறையும். கூழைப் புளிக்க வைத்துத்தானே காய்ச்சினார்கள்?

கூழ் இல்லையென்றால் இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்த பழையது இருக்கிறது. அதில் தயிர் பிசைந்து, ஒரு அவித்த முட்டை வைத்தால் போதும். முட்டையில் ஆறு கிராம் புரதம் உண்டு. முட்டை சேராத வீட்டில், நம் பக்கத்துக் கொல்லைகளில் விளையும் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். முழுக் கடலை மட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும். ஒரு வாழைப்பழம், அரை நெல்லிக்காய். இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இதையும் அம்மாவேதான் செய்ய வேண்டுமா? டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துவிட்டு, பிள்ளைக்கென்று பார்சல் டீயும் பன்னும் வாங்கி வரும் அப்பா, அந்தக் கால் மணி நேரத்தில் பழையதைப் பிசைந்து ஊட்டலாம். முட்டை அவிக்க ஆண்களுக்குத் தனிப் படிப்பு தேவையில்லை.

உண்மையில் கூழைத் தடுப்பது நேரத்தைவிட வெட்கம். கூழ் குடித்தால் ஏழை, பழையது தின்றால் பட்டிக்காடு, டீயும் பிஸ்கட்டும் என்றால் நாகரிகம் என்று எப்படியோ மனதில் ஏறிவிட்டது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் வரிசையில் நின்று கூழ் வாங்குகிறோம். ஆத்தாளுக்கு ஆகிற கூழ், வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?

டீயை விட்டவர்களில் சிலர் விளம்பரச் சத்துப்பொடியிடம் போய்ச் சேருகிறார்கள். அங்கேயும் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற வகையில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். டப்பாவின் முன்பக்கத்தை நம்பாமல் அந்த எழுத்தைப் படியுங்கள்.

காலைச் சாப்பாடு தாயின் தனிப்பொறுப்பு அல்ல என்பதை அரசும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பொங்கல், கிச்சடி, உப்புமா, காய்கறிச் சாம்பார் என்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சுடச்சுடக் கிடைக்கிறது. "பெத்தவளுக்குச் சோம்பல் பிடித்துவிடும்" என்று இதைப் பழித்தவர்கள், ஆறே முக்கால் மணிக்குப் பேரணாம்பட்டுச் சாலையில் பஸ்ஸுக்காக ஓடும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஆனால் அந்தப் பொங்கல் தட்டுக்கு முன் பிள்ளை எப்படி உட்காருகிறது? வீட்டில் குடித்த டீயோடு, பசியே இல்லாமல். அதில் உள்ள பருப்பின் இரும்பிலும் ஒரு பங்கு வீண். பள்ளியில் சாப்பாடு காத்திருக்கும்போது வீட்டில் டீயைக் கொடுத்து அனுப்புவது, இலையை விரித்துவிட்டு விருந்தாளியின் வாயைக் கட்டுவது போன்றது.

ஒன்றாம் வகுப்பை எட்டாத பிள்ளைகளை இந்தத் திட்டம் தொடவில்லை. அங்கேதான் கம்பெனிகளுக்கு வேலை இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இலவசப் பாலோ சிற்றுண்டியோ தரச் செய்யும் விதிகளை மாநிலங்கள் வகுக்கலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. நாடு விடுதலை பெற்ற மறு வருடமே சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றிய எண்ணம், உலகமெல்லாம் ஷூ அனுப்பும் நம் ஊர் முதலாளிகளுக்கு இன்னும் தோன்றாமல் இருக்கலாமா? காப்பகத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் கூழும் ஒரு முட்டையும் தருவது எந்தக் கம்பெனியையும் கவிழ்த்துவிடாது.

அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குக் காசும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். நாளைக் காலை உங்கள் டீயை நீங்கள் குடியுங்கள். பிள்ளை கை நீட்டினால் கிளாஸைக் கொடுக்காதீர்கள். "நமக்கு டீ, பாப்பாவுக்குக் கூழ்" என்று சொல்லிக் கிண்ணத்தைக் கொடுங்கள். முதல் நாள் அழும், இரண்டாம் நாள் முறைக்கும், சில நாளில் பசி எடுத்துச் சாப்பிடும். அந்தப் பசிதான் பிள்ளை நன்றாக வளர்கிறது என்பதற்கு அடையாளம். தயவுசெய்து அதை டீ ஊற்றி அணைக்காதீர்கள்.