உழைச்செல்வான் யார்?

திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காமவருக்கு வள்ளுவர் வழங்கும் பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். தமிழ் வகுப்பறைகளில் இச்சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வதே வழக்கம். சொல்லின் ஈறு ஆண்பால். தமிழ் இல்லங்களில் அப்பணியோ முழுக்கப் பெண்ணுடையது. (பொதுப்பாலாகக் கொள்ளலாமே என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் கடிதம் எழுத வேண்டா. நம் வழக்கு இலக்கணத்தோடு அன்று.)

எம் துணைவியார்க்குச் சென்ற ஆண்டு நீரிழிவு கண்டறியப்பட்டது. வெறும்வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. முன்னதற்கு 126, பின்னதற்கு 6.5 என்பவை நோய்க்கான எல்லைகள். செய்தி பரவியதும் உறவினர் கேட்ட முதற்கேள்வி, "அப்போ தம்பிக்கு இனி சாப்பாடு எப்படி?" என்பது. நோயுற்றவர் ஒருவர், கவலைக்குரியவர் இன்னொருவர். ஆணுக்கு இந்நோய் வந்த வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு கிழமைக்குள் அந்த அடுக்களையின் அரசியல் சட்டமே மாறிவிடும். உருளைக்கிழங்கு நாடு கடத்தப்படும், குழந்தைகள்கூடக் கோதுமைக்குப் பழகிக்கொள்வார்கள். மனைவிக்கு வந்தால் மட்டும் பெரிய பானையில் எல்லார்க்கும் சோறு. அடுப்பின் ஓரத்தில், ஒரு சின்னப் பாத்திரத்தில், தனக்கெனத் தானே கிண்டிக்கொள்ளும் ஒரு கைப்பிடிக் கம்பு. நோய் அவருக்குத் தந்தது ஓய்வன்று, இரண்டாவது சமையல்.

இதனைச் சிறு மனக்குறை என்று தள்ளுபவர்கள் மாத்திரையின் இயல்பை அறியாதவர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுபவை. உண்ணுமுன் விழுங்கிவிட்டால் உணவு பின்தொடர்ந்தாக வேண்டும்; அது வரும் வரை மருந்து காத்திருக்காது. இனி நம் வீட்டுக் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். எட்டு மணிக்கு மாத்திரை. பிறகு பிள்ளைக்குத் தோசை, மாமனார்க்கு இரண்டாம் தோசை, கணவனுக்குச் சட்னி போதவில்லை, மதிய உணவு டப்பா, கடைசியில் ஒன்பதரை மணிக்குத் தான். இதற்குள் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருளும். எல்லார்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பது பெண்ணுக்கு அழகு என்று நாம் காலங்காலமாகப் போற்றிவரும் அந்தப் பண்பாடு, இம்மாத்திரை உண்பவர்க்கு நேரான ஆபத்து. மதியத்தில் இன்னொரு வகைத் துன்பம். பானையின் அடியில் மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதென்று அதனையும் தட்டில் போட்டுக்கொள்வார். காலையில் தாழ்வும் பிற்பகலில் ஏற்றமுமாகச் சர்க்கரை ஊசலாடும். மருத்துவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "வாயைக் கட்டணும்மா" என்பார், அதனையும் கணவன் முகம் பார்த்தே.

ஆகவே துணை நிற்றல் என்று நாம் கேட்பது கண்ணீரையும் அன்று, பூங்கொத்தையும் அன்று. காலையில் மாத்திரை விழுங்கிய பத்தாம் நிமிடத்தில் அவர் தட்டின் முன் அமர்ந்திருக்க வேண்டும். தோசைக்கல்லின் முன் இன்னொருவர் நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதுதான் வழக்கு.

சிலர் துணையைக் காவலாக எண்ணிக்கொள்கிறார்கள். திருமண வீட்டுப் பந்தியில் மனைவியின் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துவிட்டு நான்கு பேர் கேட்க, "இவளுக்குச் சுகர்" என்று அறிவிக்கும் கணவர்களை அறிவோம். எடுத்த ஜாங்கிரி எங்கே போகிறது என்பதையும் அறிவோம். சர்க்கரை அளவைத் தேர்வு மதிப்பெண்போலப் படித்துக் கண்டிக்கும் கூட்டமும் உண்டு. மதிப்பெண் போட்டே வயிறு வளர்க்கும் நம் போன்றவர்கள்கூட மறுமதிப்பீட்டுக்கு இடம் தருகிறோம். கண்டிப்பு எதனைச் சாதிக்கும்? மறைத்து உண்ணவும், ஏறிய அளவைச் சொல்லாது விடவும் பழக்கும். ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் கொண்டுவரும் அன்பர்களோடு நமக்குப் பகை இல்லை, "மாத்திரையை நிறுத்திவிடு" என்று ஒரு சொல் கூட்டாத வரையில்.

"அவரவர் நாக்கை அவரவர் அடக்க வேண்டும், ஒருவர் நோய்க்கு வீடே பத்தியம் இருப்பதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழ் படித்தவர் கேட்கக்கூடாத கேள்வி. பால்குடிப் பிள்ளைக்கு நோய் கண்டால் தாய் மருந்துண்டு தாயே பத்தியம் காப்பது நம் மரபு. அடியார் பாடல்களுக்கும் மேடைப் பேச்சுக்கும் சலியாத உவமை அது. நோய் ஓருடலில், பத்தியம் மற்றோருடலில் என்பது நமக்கு அந்நியச் சிந்தனையா என்ன? அந்த மற்றோருடல் ஆணுடையதாக வேண்டும் என்னும்போதுதான் அது விந்தையாகிறது.

தியாகம் என்றும் எவரும் மார்தட்ட வேண்டா. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, வாழ்க்கைத்துணைக்கு நீரிழிவு இருப்பவர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுதல் என்றார்கள். குருதி உறவில்லாத இருவருக்கு இது எப்படி? ஒரே பானை, ஒரே சாய்வு நாற்காலி, ஒரே நள்ளிரவுத் தொலைக்காட்சி. 2020இல் 21 நாடுகளின் தரவுகளோடு வெளிவந்த மற்றோர் ஆய்வு, வெள்ளைச் சோறு மிகுதியாக உண்பதை நீரிழிவோடு தொடர்புபடுத்தியது. அத்தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தெரிந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. இத்தனைக்கும் பிறகு, மனைவியின் சின்னப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்குபவர் வீரம் வியப்புக்குரியதே.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுசேர்க்க அமர்த்தப்பட்ட தன்னார்வலர்களும் பெண்களே. வாசலுக்கு வெளியேயும் உழைச்செல்வாள்தான்.

இவ்வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடனேயே விழித்திரையைச் சோதிக்க வேண்டும்; பின்னரும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் சோதித்துவர வேண்டும். பாதங்களையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்க வேண்டும். கண் அகலத் திறக்கச் சொட்டு மருந்து விடுவதால் அன்று சில மணி நேரம் பார்வை மங்கும். கைப்பிடித்து அழைத்துவர ஓர் ஆள் தேவை. எம் துணைவியார்க்கு அடுத்த சோதனை கார்த்திகையில். அன்று கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. துறைத்தலைவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில் வேறு பெண்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார்.